கணிக்கும் கருவியின் விலை

1964 ஆம் ஆண்டிலே, யப்பான் நாட்டின் ஒசாக்கா நகரில் இயங்கிய ஹயகவா மின்சாரக் கம்பனியார் மேசைமீது வைத்துக் கணக்குப் பார்க்கும் மின்னணு இயந்திரம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பின்னாளில் ஷார்ப் என்ற பெயரால் உலகறிந்த கம்பனி அதுவேயாகும். இயந்திரத்தின் நிறை 25 கிலோகிராம். விலை 535,000 யென். அக்காலத்து யப்பானில் அத்தொகைக்குச் சிறியதொரு மோட்டார் வண்டி வாங்கலாம். இத்தனை நிறையும் இத்தனை விலையும் கொண்ட அவ்வியந்திரம் செய்த தொழில் யாதெனில், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கே. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1969 இல், அதே கம்பனி ஒரு கையால் தூக்கிச் செல்லத்தக்க கணிப்பானை 99,800 யென்னுக்கு விற்றது. 1972 இல் கசியோ கம்பனி ஆறு இலக்கங்களைக் காட்டும் சிறு கணிப்பான் ஒன்றை 12,800 யென்னுக்குக் கடைகளில் வைத்தது. பத்து மாதங்களில் பத்து இலட்சம் கணிப்பான்கள் விற்றுத் தீர்ந்தன. எட்டே ஆண்டுகளில் விலை நாற்பதில் ஒரு பங்கிலும் குறைந்துவிட்டது.

இவ்வாறு ஒரு பொருளின் விலை இறங்கும்போது, அதனை விஞ்ஞான வளர்ச்சி என்று ஒரே சொல்லிற் கூறி அமைந்துவிடுவது பெருவழக்கு. மழை பெய்தால் குளம் நிறைவது போல, விஞ்ஞானம் வளர்ந்தால் விலை இறங்குமென்று மக்கள் நம்பிவிட்டார்கள். ஆனால் வரலாற்றை ஊன்றிப் பார்ப்பவர்க்கு வேறொன்று புலப்படும். விலை தானாக இறங்குவதில்லை. யாரோ ஒருவர் அதனை இறக்குகிறார். இறக்குபவர் சில வேளைகளில் பெருஞ்செல்வராகிறார். பல வேளைகளில் வங்குரோத்தாகிறார். இன்று மேசையிலும் மடியிலும் சட்டைப்பையிலும் இருக்கின்ற சொந்தக் கணினி என்னும் பொருள், அவ்வாறு வங்குரோத்தானவர்களும் வங்குரோத்தின் வாயில்வரை சென்றவர்களும் பெற்றெடுத்த பிள்ளை என்று கூறினால் அது மிகையாகாது.

இக்கதையின் தொடக்கம் வானொலிப் பெட்டியில் இருக்கிறது. 1947 டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீன், பிராட்டெய்ன் என்னும் இருவர் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். சூடேறி எரிந்துபோகும் கண்ணாடி வால்வுக்குப் பதிலாக அரிசிமணியை ஒத்த ஒரு திண்மப் பொருள் ஒலியைப் பெருக்கிற்று. எனினும் பல ஆண்டுகளாக அதனை வாங்குவதற்குச் சாதாரண மக்களிடையே ஆளில்லை. காது கேளாதோர் அணியும் கருவி செய்வோரும் படைத்துறையினருமே அதனை நாடினர். டெக்சாஸ் மாநிலத்தில் எண்ணெய்வளம் தேடுவோர்க்குக் கருவி செய்து கொடுத்த ஒரு கம்பனி, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டு டிரான்சிஸ்டர் தொழிலிற் புகுந்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான பற்றிக் ஹாகர்ட்டி என்பவர், பொதுமக்கள் கடையில் வாங்கும் ஒரு பொருளில் இதனை வைத்தாலன்றி இதற்கு வாழ்வில்லை என்று கண்டார். 1954 ஒக்டோபரில் றிஜென்சி என்ற பெயருடன் ஒரு சிறு வானொலிப் பெட்டி வெளிவந்தது. அதனுள் இருந்த டிரான்சிஸ்டர்கள் நான்கு; விலை 49 டொலர் 95 சதம். அதே பணத்துக்கு நல்லதொரு வால்வு வானொலி கிடைத்த காலத்திலும் ஏறக்குறைய ஓர் இலட்சம் பெட்டிகள் விற்பனையாயின. பிற்காலத்திற் சோனி என்று பெயர் பூண்ட தோக்கியோக் கம்பனி அதனைத் தொடர்ந்தது. 1957 இல் அது வெளியிட்ட சட்டைப்பை வானொலி உண்மையிற் சட்டைப்பைக்குள் நுழையவில்லை. ஆகவே விற்பனையாளர்களுக்குச் சற்றுப் பெரிய பை வைத்த சட்டைகளைத் தைத்துக் கொடுத்ததாக அக்கம்பனியின் நிறுவனர் அக்கியோ மொரிட்டாவே பின்னர் எழுதியிருக்கிறார்.

ஹாகர்ட்டியின் கம்பனியிலேதான், 1958 செப்டெம்பரில், ஜக் கில்பி என்னும் பொறியியலாளர் பல மின்னணு உறுப்புகளை ஒரே துண்டில் அமைத்த மின்சுற்றைச் செய்து காட்டினார். அதுவே இன்று சில்லு எனப்படுவது. இதற்கும் முதலில் வாங்குவோர் கடைத்தெருவில் இருக்கவில்லை. மினிற்மான் ஏவுகணையும், சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அப்பலோ விண்கலமுமே அறுபதுகளில் சில்லுகளை மிகுதியாக வாங்கின. ஏவுகணை செய்வோர் விலை பேசுவதில்லை. ஆதலால் அவர்களை மட்டும் நம்பியிருந்தால் விலை என்றும் இறங்கியிராது. ஹாகர்ட்டி வானொலியிற் செய்ததை மறுபடியும் செய்ய எண்ணி, கையில் அடங்கும் கணிப்பான் ஒன்றைச் செய்யுமாறு கில்பியிடம் கேட்டார். கில்பி, மெரிமன், வான் டாசெல் ஆகிய மூவரும் 1967 இல் அதன் மாதிரியைச் செய்து முடித்தனர். அதன் வழிவந்த கணிப்பானை யப்பானியக் கெனன் கம்பனி 1970 இல் வெளியிட்டபோது அமெரிக்காவில் அதன் விலை 300 டொலருக்கு மேலிருந்தது.

இதன்பின் கணிப்பான்களுக்குள் ஒரு விலைப்போர் மூண்டது. அப்போரில் அடிபட்ட மூன்று கம்பனிகளின் கதையை விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில், சொந்தக் கணினி பிறந்த வழி அதுவே.

முதலாவது, யப்பானின் பிஸிகொம். இக்கம்பனி 1969 இல், அப்பொழுதுதான் தொடங்கப்பட்ட இன்டெல் என்னும் அமெரிக்கக் கம்பனியிடம், தன் கணிப்பான்களுக்கென்று பல சில்லுகளைச் செய்து தருமாறு கேட்டது. இன்டெலின் டெட் ஹொவ் என்பவர், ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சில்லு எதற்கு, கட்டளைப்படி எந்த வேலையும் செய்யும் ஒரு பொதுச் சில்லுப் போதாதா என்று கேட்டார். ஹொவ், மேசர், பஜின் ஆகியோரும் பிஸிகொம் அனுப்பிய இளைஞர் ஷிமாவும் உழைத்து அதனை ஆக்கினர். 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட 4004 என்னும் அச்சில்லு விற்பனைக்கு வந்த முதலாவது நுண்செயலியாகும். ஆனால் ஒப்பந்தப்படி அதன் உரிமை பிஸிகொமுக்கே உரியது. இடையில் கணிப்பான் விலை மளமளவென்று சரிந்துவிடவே, பேசிய விலைக்குச் சில்லுகளை வாங்கப் பிஸிகொமினால் முடியவில்லை. விலையைக் குறைக்கும்படி இன்டெலைக் கேட்டது. இன்டெல் குறைத்தது, தான் பெற்றிருந்த 60,000 டொலரையும் திருப்பிக் கொடுத்தது. அதற்கு ஈடாக, கணிப்பானல்லாத பிற பொருள்களுக்கு அச்சில்லை யாருக்கும் விற்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டது. 1971 நவம்பரில் அதனை ஊரறிய விளம்பரம் செய்தது. பிஸிகொம் 1974 இல் வீழ்ந்தது. இன்டெல் இருக்கும் இடம் எவரும் அறிந்தது.

இரண்டாவது, அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகேர்க்கி நகரில் இருந்த மிற்ஸ் என்னும் சிறு கம்பனி. அதன் தலைவர் எட் றொபேட்ஸ் முன்னர் ஆகாயப்படையிற் பணியாற்றியவர். கணிப்பானின் உறுப்புகளைப் பெட்டியிலிட்டு அஞ்சலில் விற்பதும், வாங்குவோர் தாமே அவற்றைப் பற்றாசு வைத்துப் பொருத்திக்கொள்வதும் அவர் வியாபாரம். பெரிய கம்பனிகள் முடித்த கணிப்பானையே அவருடைய உறுப்புகளின் விலைக்கும் குறைவாக விற்கத் தொடங்கியபோது அவருடைய கடன் ஏறக்குறைய மூன்று இலட்சம் டொலரை எட்டியது. இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில், கணிப்பானுக்குப் பதிலாகக் கணினியையே உறுப்புகளாக விற்பது என்று துணிந்தார். இன்டெலின் 8080 என்னும் நுண்செயலியின் சில்லறை விலை அப்போது 360 டொலர். மொத்தமாக எடுப்பதாகப் பேசி ஒன்றை 75 டொலருக்குப் பெற்றார். இந்த ஒரு பேரம் இல்லையேல் மற்றையது எதுவும் நடந்திராது. 1975 ஜனவரி இதழில் அமெரிக்க மின்னணுச் சஞ்சிகை ஒன்று அல்டெயர் என்ற அக்கணினியை அட்டையில் இட்டு, விலை 397 டொலர் என்று அறிவித்தது. சில நூறு பேர் வாங்கினாற் போதும் என்றிருந்தவர்க்கு ஆயிரக்கணக்கிற் கட்டளைகள் குவிந்தன.

அந்த 397 டொலருக்கு என்ன கிடைத்தது? முன்புறத்தில் வரிசையாகச் சில ஆளிகளும் சிறு விளக்குகளும் பொருந்திய ஒரு பெட்டி. உள்ளே 256 எழுத்துகளை மட்டும் வைத்திருக்கத்தக்க நினைவகம். திரை இல்லை, எழுத்துப்பலகை இல்லை. அஞ்சலட்டை ஒன்றில் நெருக்கி எழுதினால் 256 எழுத்துகள் அடங்கிவிடும். இக்கணினிக்கென்று பில் கேற்ஸ், போல் அலன் என்னும் இரு இளைஞர்கள் பேசிக் என்ற கட்டளைமொழியை எழுதிக் கொடுத்தனர். மைக்ரோசொவ்ற் பிறந்தது அவ்வாறே. ஆனால் அம்மொழி இயங்குவதற்குக் குறைந்தது 4 கிலோபைட் நினைவகம் வேண்டும். அதனைத் தனிப்பலகையாக வேறு பணம் கொடுத்து வாங்கவேண்டும். கணினியின் விலை என்று விளம்பரத்திற் காண்பது ஒன்று, பயன்படும் கணினிக்குக் கொடுப்பது மற்றொன்று என்னும் வழக்கம் அன்றே தொடங்கிற்று. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்குப் பெயர் நினைவகம்.

மூன்றாவது கம்பனி கொமடோர். அதன் நிறுவனர் ஜக் டிரமியல் போலந்து நாட்டின் லொட்ஸ் நகரிற் பிறந்த யூதர். அவுஷ்விற்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பி அமெரிக்கா வந்து, நியூ யோர்க்கில் தட்டச்சுப் பொறிகளைத் திருத்திப் பிழைத்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் கணிப்பான் செய்தார். அதற்கான சில்லுகளை டெக்சாஸ் கம்பனியிடமிருந்து வாங்கினார். 1972 இல் டெக்சாஸ் கம்பனி தானே கணிப்பான் விற்கப் புறப்பட்டது. சில்லைத் தானே செய்பவனோடு சில்லை விலைக்கு வாங்குபவன் போட்டியிட முடியுமா? கொமடோர் பெருநட்டம் அடைந்தது. பாடம் கற்ற டிரமியல், 1976 இல் பென்சில்வேனியாவில் இருந்த மொஸ் டெக்னொலஜி என்ற சில்லுக் கம்பனியை முழுமையாக வாங்கிவிட்டார். அங்கேதான் சக் பெடில் என்பவரின் குழு 6502 என்ற நுண்செயலியை ஆக்கி, 1975 இல் வெறும் 25 டொலருக்கு விற்றது. அதே ஆண்டிற் பிறர் நூற்றுக்கணக்கான டொலர் கேட்ட சரக்கு அது.

அந்த 25 டொலர்ச் சில்லை விரும்பியவர்களுள் ஒருவர் ஸ்டீவ் வொஸ்னியாக். அவர் ஹியூலெற் பக்கார்ட் கம்பனியின் கணிப்பான் பிரிவிலே வேலை பார்த்தவர். தம் முதற் கணினிக்கான பணத்துக்காக அவர் தம்முடைய விலையுயர்ந்த கணிப்பானை விற்றார். அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜொப்ஸ் தம் வண்டியை விற்றார். அப்பிள் கம்பனியின் மூலதனத்திலும் ஒரு கணிப்பான் கலந்திருக்கிறது.

1977 இல் மூன்று கணினிகள் அடுத்தடுத்து வந்தன. ரேடியோ ஷக் கடைகளின் கணினி, திரையுடன் 599 டொலர் 95 சதம். கொமடோரின் பெற், 795 டொலர். அப்பிளின் இரண்டாவது கணினி, 1,298 டொலர். இங்கே நேயர்கள் ஒரு கணக்கை மனத்திற் கொள்ளவேண்டும். 1,298 டொலர் என்பது 4 கிலோபைட் நினைவகத்துடன் கூடிய அப்பிளின் விலை. அதே கணினி 48 கிலோபைட்டுடன் 2,638 டொலர். பெட்டி, எழுத்துப்பலகை, செயலி, வேலைக்கூலி, இலாபம் எல்லாம் ஒரு பக்கமிருக்க, 44 கிலோபைட் நினைவகம் மட்டும் 1,340 டொலரை விழுங்கிற்று.

இங்கிலாந்தில் கிளைவ் சிங்கிளேர் இக்கணக்கை மறுபுறத்திலிருந்து பார்த்தார். இவரும் கணிப்பானில் எழுந்து கணிப்பானில் விழுந்தவரே. மக்கள் எவ்வளவு கொடுப்பார்களோ அந்த விலையை முதலில் எழுதிவிட்டு, அதற்குள் அடங்காதவற்றையெல்லாம் வெட்டி எறிவது அவர் முறை. 1980 இல் 99 பவுண் 95 பென்சுக்கும், அடுத்த ஆண்டு 69 பவுண் 95 பென்சுக்கும் கணினி விற்றார். இரண்டாவதின் உள்ளே நான்கே சில்லுகள். நினைவகம் 1 கிலோபைட். எழுத்துப்பலகை தட்டையான பிளாஸ்ரிக் தாள். விசை அமிழ்ந்ததா என்பது விரலுக்குத் தெரியாது. 16 கிலோபைட் நினைவகப் பொதி வேண்டுமாயின் இன்னும் 49 பவுண் 95 பென்சு கொடுத்துப் பின்புறத்தில் செருகவேண்டும். சற்றே அசைந்தாற் செய்த வேலையெல்லாம் மறைந்துவிடும். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதனை வாங்கின. வறுமை சில வேளைகளில் விசித்திரமான திறமைகளை வளர்க்கிறது. டேவிட் ஹோன் என்பவர், அந்த ஒரு கிலோபைட்டுக்குள், 672 பைட் அளவில், மனிதனோடு சதுரங்கம் ஆடும் நிரலையே எழுதிவிட்டார்.

அமெரிக்காவில் இரண்டாவது விலைப்போர் 1982, 1983 ஆம் ஆண்டுகளில் நடந்தது. களத்தில் எதிரெதிர் நின்றவர்கள் பழைய பகைவர்களே. கொமடோர் 64 என்ற கணினி 595 டொலருக்கு வெளிவந்து, ஓராண்டுக்குள் 200 டொலர் அளவுக்கு இறக்கப்பட்டது. சில்லுத் தொழிற்சாலை டிரமியலின் கையில் இருந்ததால் அவரால் அவ்வாறு இறக்க முடிந்தது. 1981 இல் 525 டொலருக்கு விற்ற தன் வீட்டுக் கணினியை டெக்சாஸ் கம்பனி 99 டொலருக்குக் கொண்டுவந்தும் தாக்குப்பிடிக்கவில்லை. கோடிக்கணக்கான டொலரை இழந்து, 1983 ஒக்டோபரில் வீட்டுக் கணினித் தொழிலையே கைவிட்டது. பத்தாண்டுக்கு முந்திய கணிப்பான் கணக்குத் தீர்க்கப்பட்டது என்று அக்காலத்திற் பேசினர். மூன்று மாதங்களுக்குள் டிரமியலும் தம் கம்பனியை விட்டு விலகினார். விலையை இறக்கியவர்களின் வாழ்வு இத்தன்மைத்து.

விலை இறக்கத்துக்கு ஒரு விதியே உண்டென்று கூறுவோர் கோர்டன் மூரின் பெயரைச் சொல்வர். 1965 இல் மூர் எழுதிய கட்டுரை உண்மையிற் செலவைப் பற்றியது. எத்தனை உறுப்புகளை ஒரு சில்லில் அமைத்தால் உறுப்பொன்றுக்கு விழும் செலவு மிகக் குறைவாகும் என்று கணக்கிட்டு, அத்தொகை ஆண்டுதோறும் இரட்டிப்பதைக் கண்டார். 1975 இல் அதனை ஈராண்டுக்கு ஒரு முறை என்று திருத்தினார். இது புவியீர்ப்பு விதியைப் போன்றதன்று. விற்பனை பெருகும் என்று நம்பிப் புதிய தொழிற்சாலை கட்டத் துணிபவர் இருக்கும்வரை நடக்கும் காரியம் அது.

இறங்கிய விலை ஏறியதும் உண்டு. 1985 இல் நினைவகச் சில்லின் விலை அடியோடு வீழ்ந்தமையால், அத்தொழிலின் முன்னோடியான இன்டெலே அதனை விட்டு நீங்கியது. மறு ஆண்டில் அமெரிக்காவும் யப்பானும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1988 இல் நினைவகம் கிடைப்பது அரிதாகி விலை உயர்ந்தது. 1993 யூலையில் யப்பானின் நீஹமா நகரில், சில்லுகளைப் பொதியும் பிசினைச் செய்த தொழிற்சாலை ஒன்று வெடித்தபோதும் விலை ஏறிற்று. 2011 இல் தாய்லாந்தைப் பெருவெள்ளம் மூடியபோது உலகெங்கும் வன்தட்டின் விலை உயர்ந்தது. இவை வந்து நீங்கிய காய்ச்சல்கள். 2025 இல் தொடங்கியது அவற்றிலும் வேறுபட்டது.

அதனை விளங்கிக்கொள்ள, சொந்தக் கணினிக்கு முந்திய காலத்தைச் சற்று நினைவுகூரவேண்டும். 1961 இல் ஜோன் மக்கார்தி என்ற அறிஞர், மசசூசெற்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு விழாவிற் பேசுகையில், தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒரு பொதுச்சேவையாக விற்கப்படும் நாள் வரலாம் என்றார். நடுவில் ஒரு பேரியந்திரம். அதனைப் பலர் கம்பிவழியே பயன்படுத்தி, பயன்படுத்திய நேரத்துக்குப் பணம் கட்டுவது. அறுபதுகளில் அது நடைமுறையிலும் இருந்தது. சொந்தக் கணினி அந்த வாடகை முறைக்கு எதிராக எழுந்தது. வாடகைக் கணினியின் முன்னால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவன் விளையாட மாட்டான். விளையாடாதவன் புதியது கண்டுபிடிப்பது அரிது. 1972 இல் அலன் கே என்பவர், சிறுவர்கள் கையிலே கொண்டு திரியத்தக்க ஏட்டளவான கணினி ஒன்றைக் கற்பனை செய்து கட்டுரை எழுதியபோது, 500 டொலர் விலைக்குள் அது அடங்கவேண்டும் என்றார். கருவியைச் சும்மா கொடுத்துவிட்டு உள்ளடக்கத்தை விற்கலாம் என்ற வழியையும் அக்கட்டுரை எண்ணிப் பார்த்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கருவியும் விலைக்கு வந்தது, உள்ளடக்கத்துக்கு மாதச் சந்தாவும் வந்தது என்பது அவர் எண்ணாத முடிவு.

500 டொலர்க் கனவு கைபேசியில் நிறைவேறிற்று எனலாம். 2022 இல் அப்பிள் கம்பனி தன் கைபேசியில் வைத்த சில்லில் ஏறக்குறைய 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. விலை மலிந்த கைபேசிகளிலும் அவற்றின் தொகை கோடிகளில்தான். ஆயினும் அல்டெயரை வாங்கியவன் தன் பெட்டியைத் திறந்து நினைவகத்தைக் கூட்டிக்கொண்டான். கைபேசி வாங்கியவன் திறக்க முடியாது. வாங்கும் நாளிலேயே எத்தனை நினைவகம் என்று தீர்மானித்து விலை கொடுத்தாகவேண்டும்.

2022 நவம்பரில் சற்ஜிபிரி என்னும் உரையாடும் நிரல் வெளிவந்தபின், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணிப்பு நிலையங்கள் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் எழுந்தன. அவற்றின் செயலிகளுக்கு, அடுக்கடுக்காகப் பொருத்திய விசேட நினைவகம் வேண்டும். அதில் ஒரு பங்கு செய்வதற்குச் செலவாகும் சிலிக்கன் தகட்டில் சாதாரண நினைவகம் மூன்று பங்கு செய்யலாம். உலகின் நினைவகத்திற் பெரும்பகுதியைச் செய்வன மூன்றே கம்பனிகள்: கொரியாவின் சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரன். அதிக விலை கொடுப்பவனுக்கு முதலில் விற்பது வியாபாரத்தின் இயல்பு. 2025 இன் பிற்பகுதியில் சாதாரண நினைவகத்தின் விலை பல மடங்கு உயர்ந்தது. அவ்வாண்டு டிசெம்பரில், கடைகளிற் பொதுமக்களுக்கு நினைவகம் விற்கும் தன் குறூசியல் வியாபாரத்தை மூடிவிடுவதாக மைக்ரன் அறிவித்தது. கடையில் விற்பனை நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே, வேறிடத்தில் இன்னும் நன்றாக விற்கலாம் என்பதற்காக மூடப்பட்ட கடை அது. ஹாகர்ட்டி ஏவுகணையிலிருந்து பொதுமக்களிடம் கொண்டுவந்த சில்லு, பொதுமக்களிடமிருந்து மீண்டும் விலை பேசாத வாடிக்கையாளரிடம் செல்கின்றது.

நினைவகம் நிலையங்களிலே குவிந்து, கையிலிருக்கும் கருவி அந்நிலையத்தைப் பார்க்கும் சன்னலாக மட்டும் மாறுமானால், மக்கார்தி கூறிய வாடகை முறையே மறுபடியும் வருகிறது. அதனால் நன்மையே இல்லை என்பதற்கில்லை. ஐந்து ஆண்டுக்கொரு முறை கருவி மாற்றத் தேவையில்லை. பழுது பார்க்கும் கவலையில்லை. ஆனால் சந்தாவைக் கட்ட முடியாத மாதத்தில் சன்னல் சாத்தப்படும். சொந்தக் கணினி எத்துணைப் பழையதாயினும் அவ்வாறு சாத்திக்கொள்வதில்லை. இலங்கையில் இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டிற்று. தொழிற்சாலையில் ஒரு சதமும் கூடாத கணினி கொழும்பில் முக்காற் பங்குக்கு மேல் விலை கூடிற்று. அந்நாட்களில் வீட்டிலே பழைய கணினி வைத்திருந்த மாணவன் அதனைக் கொண்டே படித்தான். டொலரிற் சந்தா கட்டும் சேவையை மட்டும் நம்பியிருந்தவனுக்கு ஒவ்வொரு மாதமும் விலை ஏறிற்று.

மலிவான கணினியை வேண்டுமென்றே செய்ய முயன்றோரும் உண்டு. 2005 இல் நிக்கலஸ் நெக்ரோபொன்ரே ஏழை நாட்டுச் சிறுவர்களுக்கு 100 டொலர் மடிக்கணினி தருவதாக அறிவித்தார். 2007 இல் அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 190 டொலரை ஒட்டிய விலையாயிற்று. நூறு என்ற இலக்கை அது என்றும் தொடவில்லை. கேம்பிறிச் நகரில் எபன் அப்ரன் குழுவினர் இன்னும் அடக்கமாகத் தொடங்கினர். கணினி விஞ்ஞானம் கற்க வரும் மாணவர், முன்னைய தலைமுறையைப் போலச் சிறுவயதில் மலிவுக் கணினியோடு விளையாடியவர்களாக இல்லை என்பது அவர்கள் கண்ட குறை. 2012 பெப்ரவரி 29 இல் அவர்கள் விற்பனைக்கு விட்ட றாஸ்பெரி பை, பெட்டியோ திரையோ இல்லாத வெறும் பலகை. விலை 35 டொலர். முதல் நாளிலேயே விற்பனைத் தளங்கள் நெரிசலால் நிலைகுலைந்தன.

2025 டிசெம்பரில் நினைவக விலையேற்றம் இப்பலகையையும் தொட்டது. 16 ஜிகாபைட் நினைவகம் கொண்ட றாஸ்பெரி பை 5, 120 டொலரிலிருந்து 145 டொலருக்கு ஏறியது. அதே அறிவித்தலில் புதிய வகையொன்றும் வந்தது: அதே செயலி, ஆனால் நினைவகம் 1 ஜிகாபைட் மட்டும், விலை 45 டொலர். சிங்கிளேரின் பெட்டியில் இருந்ததைப் போலப் பத்து இலட்சம் மடங்கு அது. லினக்ஸ் அதில் ஓடும், நிரல் எழுதலாம், கணக்குப் பார்க்கலாம். இணையப் பக்கங்கள் பலவற்றை ஒருங்கே திறந்தால் திணறும்.